குடுவைக்காரிக்கு வசனம்

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வசனகர்த்தா ஒரு சபதம் எடுத்தார். உயிரே போனாலும் சரி, அந்தச் சின்ன அறையை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

அறை என்றதும் மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். நாலு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கதவு. விசேஷம் அந்தக் கதவில்தான் இருந்தது. அந்த வீட்டில் குளியலறையை விட்டால் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு அது ஒன்றுதான். கல்யாணமான பதினோரு வருஷமாக அது அவருடைய ஆபீஸ். அவர் மனைவியின் ஆபீஸ் சாப்பாட்டு மேசை.

மனைவி கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தே லேப்டாப் வழியாக முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். இடது பக்கம் குக்கர் விசில், வலது பக்கம் வாசல் மணி, நடுவில் முக்கோணம். இரண்டு வருஷமாக டீச்சர் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்: "என்னங்க, காலைல மட்டும் அந்த ரூமை நான் வச்சுக்கட்டுமா?" வசனகர்த்தாவும் இரண்டு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: "பாக்கலாம்." இந்தச் சொல்லுக்குப் பார்க்கப்போவதில்லை என்று பொருள். அகராதியில் தேடினால் கிடைக்காது. கல்யாணமான எந்தப் பெண்ணைக் கேட்டாலும் கிடைக்கும்.

வசனகர்த்தாவின் தொழில் வெளிநாட்டு அனிமே தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது. "கார்ட்டூனா சார்?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. இப்போது கையில் இருந்தது ஒரு மாயாஜாலத் தொடர். வாள் உண்டு, டிராகன் உண்டு, தாடி வைத்த மந்திரவாதி உண்டு. அந்த மந்திரவாதி மெழுகையும் நிலா வெளிச்சத்தையும் பாம்பின் கண்ணீரையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டுக் காய்ச்சி ஒரு பெண்ணைச் செய்திருக்கிறான். செயற்கைப் பெண். அவளுக்கு வேலை, எதிரி வீரர்களை மயக்கிக் கவிழ்ப்பது. இடுப்பு ஒரு கைப்பிடிதான் இருக்கும். நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றையும் எங்கே வைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்குக் குடுவைக்காரி என்று பெயர்.

டப்பிங் வசனத்தில் அர்த்தம் இரண்டாம் பட்சம். திரையில் அவள் வாய் எத்தனை தடவை திறந்து மூடுகிறதோ, தமிழும் அத்தனை தடவை திறந்து மூட வேண்டும். பதினோரு அசைவு என்றால் பதினொன்று. அதனால் வசனகர்த்தா ஒவ்வொரு வரியையும் தானே பேசிப் பார்ப்பார், விரல்விட்டு எண்ணியபடி, பெண்குரலில், மீசையோடு.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குழைந்து வந்தது ஒரு குரல்.

"அருகில் வா வீரனே... என் விழிகளின் ஆழத்தில் உன் வாளைத் தொலைத்துவிடு..."

ஒரு தடவை இல்லை. அசைவு பொருந்தாததால் ஒன்பது தடவை.

லேப்டாப் திரையில் ஒரு மாணவியின் கேள்வி வந்து விழுந்தது: "டீச்சர், உங்க வீட்டுல யாரோ வீரனைக் கூப்பிடுறாங்க." அடுத்து ஒரு பையன்: "டீச்சர், வாள் கெடைச்சிடுச்சா?" முப்பத்தெட்டுக் கட்டங்களும் குலுங்கின. அன்றைக்கு முக்கோணம் நூற்றெண்பது டிகிரிக்கு வந்து சேரவே இல்லை.

டீச்சர் வகுப்பை முடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினார்.

"என்னங்க, இனிமே இது சரிப்படாது. எடத்தை மாத்திக்கலாம்."

"முடியாதும்மா. கலைக்கு அமைதி வேணும்."

"கணக்குக்கு வேணாமா?"

"கணக்கு எங்க உக்காந்தாலும் வரும். ரெண்டும் ரெண்டும் ஹால்லயும் நாலுதான்."

இதைச் சொன்ன கையோடுதான் மேற்படி சபதம். சபதத்தின் சூடு ஆறுவதற்குள் போன் அடித்தது. டப்பிங் டைரக்டர்.

"அண்ணே, நாலு எபிசோடையும் திருப்பி அனுப்புறேன்."

"ஏன் தம்பி?"

"குடுவைக்காரிதான். குரல் குடுக்குற பொண்ணு வீரனை மயக்கும்போதே கொட்டாவி விட்டுட்டாங்க."

"அவங்க ராத்திரி தூங்கலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"கொட்டாவி எனக்கும் வந்துச்சுண்ணே. மைக்குக்கு மட்டும்தான் வரல. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவ வசனம் மொத்தத்தையும் மாத்திக் குடுங்க. இல்லைன்னா ரெண்டாவது சீசன் வேற ஆளுக்குப் போயிடும். எனக்கு மேல இருக்குறவங்க சொல்லிட்டாங்க."

ஸ்பீக்கரில் பேசுவது வசனகர்த்தாவின் பழக்கம். வாசற்படியில் நின்ற டீச்சருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"சரிங்க, ஒரு ஒப்பந்தம். சீரியல் கை நழுவுச்சுன்னா ரூம் எனக்கு. உங்க கையிலயே நின்னுச்சுன்னா உங்களுக்கு. நான் அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"கேக்கவே மாட்டியே?"

"மாட்டேன்."

"சம்மதம்!" என்றார் வசனகர்த்தா. பதினைந்து வருஷ அனுபவம். ஒரு குடுவைக்காரிக்கா பயப்படுவார்?

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பயந்துவிட்டார். எழுதிய வரியெல்லாம் சென்ட் பாட்டில் விளம்பரம் மாதிரியே வந்தது. "என் கூந்தலின் இருளில் உன் விடியலை மற." "என் இதழ்களின் நச்சு, உன் தாகத்தின் நீர்." எழுதியவருக்கே இரண்டாவது வரியில் தலை தொங்கியது. டீயோடு உள்ளே வந்த டீச்சர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இவளா? சரி, இவளுக்கு என்ன வேணும்?"

"வீரனை மயக்கணும்."

"மயக்கி?"

"மந்திரவாதிகிட்ட ஒப்படைக்கணும்."

"அது மந்திரவாதிக்கு வேணும். இவளுக்கு என்ன வேணும்?"

வசனகர்த்தா விழித்தார். முப்பது எபிசோட் பார்த்தவர். இந்தக் கேள்வி வந்ததே இல்லை.

"இவளுக்கு... என்ன வேணும்னா... இவ வில்லிம்மா. வில்லிக்கு என்ன வேணும்? கெடுதல் வேணும்."

"ஏங்க, இவளைச் செஞ்சது அந்தத் தாடி. என்ன பேசணும், யாரை மயக்கணும்னு முடிவு பண்றது அந்தத் தாடி. குளிர்ல போட்டுக்க ஒரு சால்வை குடுத்தானா? இல்ல. கோட்டை முழுக்க எத்தனை ரூம்! இவ இன்னும் படுக்குறது குடுவையில. கடைசில கெட்டவ மட்டும் இவளா?"

"கதை அப்படி."

"கதை அப்படி இல்லைங்க. கதை எழுதினவங்க அப்படி" என்று சொல்லிவிட்டு டீச்சர் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனார். போகிற போக்கில், "பரண்ல இருக்குற பழைய நோட்டுக் கட்டு வேணும். இறக்கித் தர்றீங்களா?"

"எழுதிட்டிருக்கேன்ல? பாக்கலாம்."

"பரவாயில்லை, நானே ஏறிக்கிறேன். போன தடவை விழுந்தப்ப முட்டில மட்டும்தானே அடிபட்டுச்சு."

இரண்டாவது நிமிஷம் வசனகர்த்தா ஏணியின் உச்சியில் இருந்தார். தலையில் ஒட்டடை, கையில் நோட்டுக் கட்டு. அங்கேதான் அவருக்கு மின்னல் வெட்டியது. நான் எப்படி இங்கே வந்தேன்? முடியாது என்றல்லவா சொன்னேன்? ஒரு கண்ணசைவு இல்லை, ஒரு கூந்தல் இல்லை, ஒரு நச்சிதழ் இல்லை. ஒரே ஒரு வரி!

ஏணியிலிருந்தே விரல்விட்டு எண்ணினார். பரவாயில்லை, நானே ஏறிக்கிறேன். பதினொன்று. நாற்பத்தொன்றாவது ஷாட்டில் கோட்டை வாசலில் வழிமறிக்கும் காவலனிடம் குடுவைக்காரியின் வாய் அசைவதும் பதினொரு தடவை. இறங்கி ஓடினார். "என் அழகின் நெருப்பில் உன் காவல் எரியட்டும்" என்பதை அடித்தார். "பரவாயில்லை, நானே போய்க்கொள்கிறேன்" என்று எழுதினார். திரையில் அவள் அதைச் சொல்வதுபோல் ஓட்டிப் பார்த்தார். காவலன் பதறிக்கொண்டு கதவைத் திறந்தான். அவன் படத்தில் எப்போதும் அப்படித்தான் பதறிக்கொண்டு திறக்கிறான். இப்போதுதான் அதற்குக் காரணம் இருந்தது.

வசனகர்த்தா ஒரு புது நோட்டை எடுத்தார். திட்டம் தயார். வெள்ளிக்கிழமை வரை மனைவியை வேலை ஏவ வைப்பது, முதலில் மறுப்பது, எந்த வரியில் தன் காலடி மண் சரிகிறது என்று பார்த்து, ஷாட் நம்பர் போட்டு எழுதிக்கொள்வது. அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் இயல்பு போய்விடும். தன் தந்திரத்தை நினைத்துத் தானே தோளில் தட்டிக்கொண்டார். கை எட்டவில்லை. ஆனாலும் தட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலை, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தூண்டில் போட்டார்.

"இந்த ஜன்னல் திரையெல்லாம் துவைக்கவே மாட்டியா? ஒரே அழுக்கு."

"இன்னிக்கு நீங்க கழட்டித் தந்தா துவைச்சிடலாம்."

"என்னால முடியாது." இதைச் சொல்லும்போதே மேசைக்கடியில் பேனாவைத் திறந்துவிட்டார்.

"சரிங்க, உங்களுக்கு முடியலைன்னா நான் ஏன் வற்புறுத்தப்போறேன்?"

அருமையான வரி. ஆனால் இருபது அசைவு. அறுபத்து மூன்றாவது ஷாட்டில், நெருப்பாற்றைத் தாண்டத் தயங்கும் வீரனிடம் குடுவைக்காரிக்கு வாய் திறப்பது ஒன்பது தடவைதான். வசனகர்த்தாவின் விரல்கள் மேசை மேல் தவித்தன. ஒரு கையில் ஐந்து, மறு கையில் நாலு.

"என்ன சொன்ன? காதுல சரியா விழல."

டீச்சர் அந்த விரல்களைப் பார்த்தார். கணக்கு டீச்சர். விரல்விட்டு எண்ணுகிறவர்களைத் தினமும் முப்பத்தெட்டுக் கட்டங்களில் பார்க்கிறவர்.

"முடியலைன்னா விட்டுடுங்க."

ஒன்பது! வசனகர்த்தாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. தெய்வம் இருக்கிறது என்று நினைத்தார். இருபது எப்படி ஒன்பதாகச் சுருங்கியது என்று நினைக்கவில்லை. சோதனை முழுமையாக வேண்டும் அல்லவா, வரி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? எழுந்து போய் ஏழு ஜன்னலின் திரைகளையும் கழற்றினார். துவைத்தது யார் என்று கேட்காதீர்கள். துவைக்கும்போது இன்னும் இரண்டு வரி கிடைத்தது.

வியாழக்கிழமை விஞ்ஞானம் வேகமெடுத்தது. மின்விசிறி இறக்கைகள் துடைக்கப்பட்டன. பதினான்காவது ஷாட் முடிந்தது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சுத்தமானது. எழுபதிலிருந்து எழுபத்தைந்து வரை முடிந்தது. ஆறு மாதமாக ஒழுகும் குழாயைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டிருந்தார் டீச்சர். "நீங்க பேசினா அவர் கோவப்படுவாரு, வேணாம்" என்ற ஒரு வரியில் வசனகர்த்தா போனை எடுத்து வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கிவிட்டு ஓடிவந்து அந்த வரியை எழுதினார். அன்று சாயங்காலம் குழாய் ஒழுகவில்லை. வசனகர்த்தாவுக்கு இடுப்பு நிமிரவில்லை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. பாவம், மூன்று நாளாக நான் அவளை ஆராய்வது அவளுக்குத் தெரியவே இல்லை!

வெள்ளிக்கிழமை காலை மிச்சமிருந்தது ஒரே காட்சி. கடைசிக் காட்சி, பெரிய காட்சி. குடுவைக்காரி தன்னைச் செய்த மந்திரவாதியிடமே போகிறாள். உயிரைவிட அவன் உயர்வாக நினைப்பது அவனுடைய கோபுரத்தை. அதை அவனே, தன் வாயாலேயே, தன் முடிவு என்று நினைத்துக்கொண்டு அவளுக்குக் கொடுக்க வேண்டும். பரண், திரை, விசிறி வரிகள் எதுவும் இதற்குக் காணாது. மணி பத்தரை. பன்னிரண்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சீரியல் போச்சு. சீரியல் போனால் அறை போச்சு.

அறை!

வசனகர்த்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கும் ஒரு கோபுரம் இருக்கிறதே. அதை மனைவியைக் கேட்க வைத்தால்? வெறும் பேச்சுக்குத்தானே. கொடுக்கவா போகிறார்?

நோட்டோடு ஹாலுக்கு வந்தார். வகுப்பு இடைவேளை.

"இந்த ரூம் விஷயத்துல நீ ஒண்ணும் பேசவே காணோமே?"

"எந்த ரூம்? ஓ, அதுவா. வேணாங்க. எனக்கு இங்கயே பழகிடுச்சு."

"இல்ல, சும்மா கேளேன்."

"எதுக்குங்க? நீங்க அங்கதான் எழுதணும். கதவைச் சாத்திக்கிட்டா மட்டும்தானே உங்களுக்கு எழுத்து வரும்."

வசனகர்த்தா எழுதிக்கொண்டே போனவர் நிமிர்ந்தார். "மட்டும்தானேன்னா?"

"தப்பா சொல்லலைங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பலவீனம். சிலபேர் சந்தையில உக்காந்துகூட எழுதுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதெல்லாம் வேற மாதிரி ஆளுங்க. உங்களைப் போய் அப்படியெல்லாம் கஷ்டப்படுத்தக்கூடாது."

"எனக்கு வராதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. உடம்பைப் பாத்துக்கங்க."

"நான் இந்த மேசையில எழுதுவேன். குக்கர் விசிலுக்கு நடுவுல எழுதுவேன். பாக்குறியா?"

"வேணாங்க. பாவம்."

அந்தப் "பாவம்" எங்கே போய்த் தைத்தது என்று எழுத இடம் போதாது. அடுத்த கால் மணி நேரத்தில் கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. நாற்காலி வந்தது. டீச்சரின் லேப்டாப்பையும் கரும்பலகையையும் வசனகர்த்தாவே தூக்கிக்கொண்டுபோய் அறைக்குள் வைத்தார். கலைஞன் என்றால் என்ன என்று இவளுக்குக் காட்டாமல் விடுவதில்லை. வியர்வையோடு நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கையை நீட்டி முழங்கினார்:

"இந்த அறை இனி உன்னுடையது! இது என் முடிவு!"

முழங்கிய வேகத்தில் எண்ணினார். மந்திரவாதியின் வாயசைப்புக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. ஓடிப்போய் நோட்டில் எழுதினார், அறை என்பதைக் கோபுரம் என்று மாற்றக்கூட நேரமில்லாமல். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேசையில் தலைசாய்த்தார். அறைக் கதவு மெதுவாகச் சாத்தப்படும் ஓசை கேட்டது. அதுவும் ஒரு நல்ல காட்சி முடிவு என்று தோன்றியது.

அன்று மாலை ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. குரல் கொடுக்கும் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பரவாயில்லை, நானே போய்க்கொள்கிறேன்" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டைரக்டர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். சவுண்ட் இஞ்சினியர் அவசரமாகத் தன் மனைவிக்கு போன் போட்டு, "ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்டார். கொட்டாவி விட ஒருவருக்கும் தைரியம் இல்லை.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் நிறுத்தினார். "சார், 'வேண்டாம், பாவம் நீங்கள்'னு இருக்கே. இதை மிரட்டுற மாதிரி சொல்லணுமா, கெஞ்சுற மாதிரியா?"

வசனகர்த்தா தொண்டையைச் செருமினார். மீசையைத் தடவினார். அவருக்குத் தெரியவில்லை. அந்த வரி அவரை எப்படித் தூக்கிப் போட்டது என்றுதான் தெரியும்; எப்படிச் சொல்லப்பட்டது என்று அவர் கேட்கவே இல்லையே.

"ஒரு நிமிஷம்" என்று வீட்டுக்குப் போன் போட்டார். பழக்கதோஷம், ஸ்பீக்கரில்.

"இந்தாம்மா, காலைல 'வேணாங்க, பாவம்'னு சொன்னியே, அதை மிரட்டிச் சொன்னியா, கெஞ்சிச் சொன்னியா?"

"ரெண்டும் இல்லைங்க" என்றது டீச்சரின் குரல், வகுப்பெடுக்கும் அதே நிதானத்தில். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, நெஜமாவே அக்கறையா சொல்லணும். ஒரு துளி நடிப்புகூட இருக்கக்கூடாது. அவ பொய் சொன்னா அவன் தப்பிச்சுடுவான். அப்புறம், அறுபத்து மூணாவது ஷாட்ல 'விட்டுவிடு'க்கு முன்னாடி ஒரு மூச்சு விடச் சொல்லுங்க. நான் அப்படித்தான் விட்டேன்."



டைரக்டர் மெதுவாகத் திரும்பினார். "அண்ணே, ஷாட் நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வசனகர்த்தாவுக்கும் அதே கேள்விதான். முதல் தடவையாக, மூன்று நாள் கழித்து, அந்தக் கேள்வி அவருக்குள் வந்து உட்கார்ந்தது. விரல்கள். ஒன்பது. ஒழுகாத குழாய். ஏழு ஜன்னல்.

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினார். அந்த வீட்டில் அவர் கதவைத் தட்டுவது அதுதான் முதல் தடவை.

"சீரியல் நம்ம கையிலயே நின்னுடுச்சு. ரெண்டாவது சீசன் நமக்குத்தான். ஒப்பந்தப்படி ரூம் எனக்கு."

"ரொம்ப சந்தோஷங்க. ஆமா, ஒப்பந்தப்படி ரூம் உங்களுதுதான்" என்று டீச்சர் கதவைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் அவர் விட்டுப்போன நோட்டைப் பிரித்துக் காட்டினார். "உங்க ரூமை நீங்க எனக்குக் குடுத்துட்டீங்களே. உங்க கையெழுத்துலயே இருக்கு, பாருங்க. 'இது என் முடிவு'ன்னு ஆச்சரியக்குறி வேற போட்டிருக்கீங்க."

"அது வசனம்மா!"

"சாமானைத் தூக்கினதும் வசனமா?"

"அப்ப எல்லாம் தெரிஞ்சே என்னை ஏமாத்தியிருக்க. மூணு நாளா! நீ அந்தக் குடுவைக்காரியைவிட மோசம்."

டீச்சர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா நேராத்தாங்க கேட்டேன். 'காலைல மட்டும் தாங்க'ன்னு. நேரா கேட்ட ஒரு வரியாவது உங்க நோட்டுல இருக்கா? வளைச்சுப் பேசினது மட்டும்தான் உங்க காதுல விழுந்திருக்கு. அதுக்கு நான் என்ன பண்றது?"

வசனகர்த்தா நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். பதில் சொல்ல வாய் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார். அர்த்தம் எதுவும் வரவில்லை.

இப்போது இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. குடுவைக்காரி எல்லா எபிசோடிலும் வருகிறாள். அவளுக்கு ஒரு சால்வைகூட வந்திருக்கிறது. அவளுக்கு வசனம் டீச்சர், அறைக்குள்ளிருந்து. தொடரின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் முதலில் வருகிறது. மற்ற அத்தனை பேருக்கும், அதாவது குதிரைக்காரர்களுக்கும் கூட்டத்தில் கூச்சல் போடுகிறவர்களுக்கும் கோபுரம் இழந்த மந்திரவாதிக்கும், வசனகர்த்தா. சாப்பாட்டு மேசையிலிருந்து, வகுப்பு நடக்கும்போது சத்தம் வராமல்.

நேற்று ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மந்திரவாதியும் குடுவைக்காரியும் நேருக்கு நேர் நிற்கிற காட்சி. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, கதவருகே போய்த் தணிந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, அவ பேசி முடிச்சதும் மந்திரவாதி என்ன சொல்லணும்?"

"அவர் ஒண்ணும் சொல்ல வேணாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "தலையாட்டினாப் போதும்."

கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் வசனகர்த்தா தலையாட்டினார்.